சீட்டுக்கவி முதல் விண்ணப்பம் வரை: பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவரும் நடுப்பருவப் புலமைக்கான நல்கையும்

ஆய்வுச் சுருக்கம்

பணியின் நடுப்பருவத்தில் நிற்கும் கலைஞர்க்கும் அறிஞர்க்கும் போட்டித் தேர்வின் வழியே நல்கை வழங்கும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை முற்றிலும் புதிய ஏற்பாடாகக் கருதுவது வழக்கம். அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள பாலவநத்தம் ஜமீனின் உரிமையாளராய் விளங்கிய பாண்டித்துரைத் தேவரின் (1867–1911) புலமை ஆதரவை முன்னிறுத்தி, தமிழ்ப் புலவர் உதவி வேண்டிய முறைகள் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இளையோர்க்குத் தேர்வும், முதிர்ந்தோரின் முடிவுறாப் பணிக்கு நம்பிக்கை சார்ந்த உதவியும் என இருவேறு வழிகளை மதுரைத் தமிழ்ச் சங்கம் கையாண்டது என்பதும், இன்றைய நல்கை முறை இவ்விரண்டையும் ஒரே படிவத்துள் அடக்க முயல்வதே அதன் சிக்கல்களுக்குக் காரணம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

திறவுச் சொற்கள்: பாலவநத்தம், பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம், அபிதான சிந்தாமணி, சீட்டுக்கவி, ஆய்வு நல்கை.

1. முன்னுரை

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் பாலவநத்தம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய இந்நிலப்பகுதி வானம் பார்த்த பூமி. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் காண்பது. வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிரப்பினால் நெல்லும், நிரப்பாத ஆண்டுகளில் கரிசல் தாங்கும் அளவிற்குப் பருத்தியும் கம்பும் சோளமுமே இங்கு வாழ்வாதாரம். இத்தகைய நிலத்திலிருந்து பெறப்பட்ட வரியும் வாரமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழின் முதற்பெருங் கலைக்களஞ்சியங்களுள் ஒன்று அச்சேறுவதற்குத் துணை நின்றன என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளோடு கடந்து செல்லப்படும் செய்தி.

இவ்வட்டாரக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்க்கும், கல்விக்கூடம் சாராது கள ஆய்வு செய்வோர்க்கும் இச்செய்தி பழம்பெருமையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நாற்பது வயதைக் கடந்து, பாதி முடிந்த ஆய்வொன்றைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் யாரிடம், எவ்வாறு உதவி கேட்பது என்னும் வினா 1900இல் இருந்தது போலவே இன்றும் உள்ளது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சீட்டுக்கவியும் இறையிலியும்

புலவர் ஒருவர் தம் வறுமையையும் தகுதியையும் எடுத்துரைத்து வள்ளல் ஒருவருக்கு எழுதியனுப்பும் செய்யுள் மடல் சீட்டுக்கவி எனப்பட்டது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் போன்றோர் இவ்வகையில் பெயர் பெற்றவர்கள். கேட்பவர் யார், அவருடைய ஆற்றல் எத்தகையது, கேட்கும் பொருள் யாது என்னும் மூன்றும் அதில் இடம்பெறும். இன்றைய விண்ணப்பத்தின் உறுப்புகளும் ஏறத்தாழ இவையே. எனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சீட்டுக்கவியில் விண்ணப்பமே படைப்பு. செய்யுளின் சிறப்பே தகுதிச் சான்று. இனிச் செய்யவிருக்கும் பணி குறித்த திட்டம் எதுவும் அதில் தேவைப்படவில்லை.

சேதுபதிகளின் நாட்டில் இவ்வுறவு நிலக்கொடையாக நிலைபெற்றது. 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ஒருதுறைக்கோவை பாடிய அமிர்தகவிராயர் பொன்னங்கால் என்னும் ஊரைக் கொடையாகப் பெற்றார். இங்குக் கொடை, முடிந்த படைப்புக்கு அளிக்கப்பட்ட பரிசு. அப்படைப்பும் கொடையாளரைப் புகழ்வதாகவே அமைந்தது. கொடைநிலம் வழிவழியாகப் புலவர் குடும்பத்திற்கு உரியதானமையால், அது நல்கை என்பதினும் குடியுரிமை என்பதற்கே நெருக்கமானது.

தனிநிலைச் செய்யுள்களைத் தொகுத்த 'தனிப்பாடல் திரட்டு' இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் முயற்சியால், தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயரின் துணையோடு உருவானது. சீட்டுக்கவிகள் பல இன்று நமக்குக் கிடைப்பதற்கு அத்தொகுப்பு ஒரு காரணம். அதே பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரின் திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்புக்கும் திருக்கோவையார் உரைப் பதிப்புக்கும் ஆதரவளித்தார். புகழ்ச்சிச் செய்யுளுக்குப் பரிசளித்த மரபிலிருந்து பதிப்புப் பணிக்குப் பொருளளிக்கும் நிலைக்கு நகர்ந்த தலைமுறை அவருடையது. பதிப்பு கொடையாளரைப் பாடுவதில்லை. முகவுரையில் நன்றி கூறுவதோடு நின்றுவிடுகிறது. ஆதரவின் பயன் கொடையாளரின் புகழிலிருந்து பொதுவான நூற்செல்வத்திற்கு மாறத் தொடங்கியதை இதிற் காணலாம். பொன்னுசாமித் தேவரின் மைந்தரே பாண்டித்துரைத் தேவர்.

3. கையொப்பம்: வாசகரே புரவலர்

அச்சுப் பண்பாடு வேறொரு வழியையும் திறந்தது. நூல் வெளிவருமுன்னரே விலையைக் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்பியோ பெயரைப் பதிவு செய்யும் 'கையொப்ப' முறை அது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இம்முறையைக் கையாண்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஊதியம் பெறும் பணி அவருக்கு இருந்தது. ஆயினும் சுவடி தேடும் பயணம், படியெடுப்போர் கூலி, தாள், அச்சுக்கூலி ஆகியவற்றை அவ்வூதியம் தாங்கவில்லை. எனவே ஒரு பதிப்பு கையொப்பத்தாலும், மற்றொன்று ஆதீனத்தாலும், இன்னொன்று ஜமீன்தாராலும் நிறைவேற வேண்டியிருந்தது. 1898இல் அவருடைய மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அப்பதிப்புக்கு உதவியோருள் பாண்டித்துரைத் தேவர் குறிப்பிடத்தக்கவர்.

கையொப்ப முறையின் வலிமை அது பலரைச் சார்ந்தது என்பது. அதன் வலுவின்மை, நூல் ஏறத்தாழ முடிந்த நிலையில்தான் அது பயன்படும் என்பது. பத்தாண்டு உழைப்பை வேண்டும் பணிக்கு, அவ்வுழைப்பின் நடுவில் நிற்பவர்க்கு, கையொப்பத்தால் ஆகக்கூடியது சிறிதே.

4. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் இரு வாயில்கள்

பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901 செப்டம்பர் 14ஆம் நாள் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் அதற்கிருந்தது. செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகமான தமிழ்ச்சங்க முத்திராசாலை, 'செந்தமிழ்' இதழ் ஆகியன அதன் உறுப்புகளாயின. இரா. இராகவையங்காரும், அவரையடுத்து மு. இராகவையங்காரும் இதழின் ஆசிரியர்களாய் இருந்தனர்.

புலமை ஆதரவின் வரலாற்றில் இச்சங்கத்தின் தனிச்சிறப்பு அதன் இருவேறு வாயில்களில் உள்ளது. முதலாவது, தேர்வு. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிநிலைப்படுத்தப்பட்ட தேர்வுகளைச் சங்கம் நடத்தியது. பாடநூல்கள் அறிவிக்கப்பட்டன, எவரும் பயின்று எழுதலாம், வினாத்தாள் எல்லோர்க்கும் ஒன்றே. குருகுல மரபில் ஆசிரியரின் வாய்ச்சொல்லே தகுதிச் சான்றாக இருந்த நிலையை இது மாற்றியது. இன்ன குடியில், இன்ன ஆசிரியரிடம் பயின்றவர் என்பது தேர்வுத்தாளில் எழுதப்படவில்லை.

இரண்டாவது வாயில், முதிர்ந்த புலமைக்குரியது. இதழாசிரியப் பொறுப்பு, கலாசாலையில் ஆசிரியப் பணி, நூலக வசதி, அச்சக வசதி, ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்கும் வாய்ப்பு எனப் பல வடிவங்களில் ஆதரவு அமைந்தது. இதற்குத் தேர்வில்லை; படிவமில்லை. மு. இராகவையங்கார் இளமையில் தந்தையை இழந்து பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் வளர்ந்தவர். 'வேளிர் வரலாறு' முதலான அவருடைய ஆராய்ச்சிகள் சங்கச் சூழலில் முகிழ்த்தவை. சோழவந்தான் அரசஞ் சண்முகனார் கலாசாலையில் கற்பித்தார். இவர்கள் எவரும் திட்ட அறிக்கை அளித்து இடம் பெற்றவரல்லர். அவர்களின் புலமையை நேரில் அறிந்த ஒருவரின் நம்பிக்கையால் இடம் பெற்றவர்கள்.

இளையோரை அளப்பதற்குப் பொதுவான அளவுகோல் தேவை. முதிர்ந்தோரின் பணி ஒவ்வொன்றும் தனித்தன்மையுடையதாதலால் பொது அளவுகோல் அதற்குப் பொருந்தாது. இவ்வேறுபாட்டைச் சங்கத்தார் கோட்பாடாக வகுத்துரைக்காவிடினும் நடைமுறையில் உணர்ந்திருந்தனர் எனலாம்.

5. சிங்காரவேலு முதலியாரின் விண்ணப்பம்

நடுப்பருவ அறிஞரின் நிலையைத் தெளிவாகக் காட்டும் சான்று ஆ. சிங்காரவேலு முதலியாரின் வாழ்க்கை. உ. வே. சாமிநாதையர் பிறந்த அதே 1855ஆம் ஆண்டில் பிறந்தவர் இவர். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது, 1890 அளவில், புராணம், இலக்கியம், வரலாறு, சமயம், மருத்துவம் எனப் பல துறைச் செய்திகளையும் அகரநிரலில் தொகுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. ஆசிரியப் பணி போக எஞ்சிய நேரமே இப்பணிக்கு உரியதாயிருந்தது.

தொகுப்பு வளர வளர அதனை அச்சிடும் வழி அரிதாயிற்று. அவர் பலரை நாடினார். எதிர்பார்த்த உதவி கிட்டவில்லை. இதற்கிடையே 1902இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' வெளிவந்தது. ஒத்த துறையில் மற்றொரு நூல் வந்துவிட்ட பின், தம் பணிக்கு இனித் தேவை என்ன என்னும் வினாவையும் முதலியார் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தம் நூலைப் பற்றிய அறிவிப்பை வெளியிட்டும் ஆதரவு தேடிய நிலையில் பாண்டித்துரைத் தேவரின் உதவி அமைந்தது. கையெழுத்துப் படியின் பரப்பை உணர்ந்த தேவர் அதனை அச்சேற்றும் பொறுப்பை ஏற்றார். 1910இல் 'அபிதான சிந்தாமணி' மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தபோது முதலியாருக்கு வயது ஐம்பத்தைந்து.

இந்நிகழ்வில் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, முதலியாரிடம் இருந்தது வெறும் திட்டமன்று; பல்லாண்டு உழைப்பின் சான்றாகிய கையெழுத்துப் படி. இரண்டாவது, ஆதரவளித்தவர் தாமே தொகுப்பாளர்; 'பன்னூற்றிரட்டு' தொகுத்தவர். தொகுப்புப் பணியின் அருமையும் அலுப்பும் அவர் அறிந்தவை. மூன்றாவது, இருவருக்கும் முன்னுறவு இருந்தமையால் அமைந்த உதவியன்று இது. சென்னைப் பள்ளியாசிரியர் ஒருவரின் பணி பாலவநத்தம் ஜமீன்தாரை எட்டியது பொது அறிவிப்பும் அச்சு உலகமும் உண்டாக்கிய வாய்ப்பினால். சீட்டுக்கவியின் நேர்முக உறவுக்கும் இன்றைய முகமறியா விண்ணப்பத்துக்கும் இடைப்பட்ட நிலை இது.

இருப்பினும் முதல் முயற்சிக்கும் வெளியீட்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றன என்பதை மறத்தலாகாது. அவற்றுள் எத்தனை ஆண்டுகள் தொகுப்புக்கு உரியவை, எத்தனை ஆண்டுகள் உதவி தேடி அலைந்தமைக்கு உரியவை எனப் பிரித்தறிதல் அரிது. இத்தகைய புரவலரை எட்டாமலே கரையானுக்கு இரையான கையெழுத்துப் படிகள் வரலாற்றில் பெயர் பெறுவதில்லை.

6. புரவலர் முறையின் விலை

பாண்டித்துரைத் தேவரின் ஆதரவைப் போற்றும்போது அதன் பொருளியல் அடிப்படையை ஒதுக்கிவிட இயலாது. இராமநாதபுரம் 1803இல் நிலையான வரித்திட்டத்தின்கீழ் ஜமீனாக வரையறுக்கப்பட்டது. மழை பொய்த்தாலும் அரசுக்குச் செலுத்தும் பேஷ்குஷ் பொய்க்கக் கூடாது. கரிசலில் உழுதவர், பருத்தி எடுத்தவர், கண்மாய் மராமத்துக்கு மண் சுமந்தவர் ஆகியோரின் உழைப்பே ஜமீன் வருவாயாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் அவ்வருவாயால் அச்சான நூல்களைப் படிக்கும் நிலையில் இருக்கவில்லை. அவர்களிடம் வழங்கிய கதைகளும் சொற்களும் நீர்மேலாண்மை அறிவும் புலமையாகக் கருதப்படவும் இல்லை. பெண்களுக்கு இவ்வாதரவு வட்டத்தில் இடம் கிடைத்தல் அரிது.

தனியொருவரைச் சார்ந்த அமைப்பின் நிலையின்மையும் விரைவில் வெளிப்பட்டது. 1903இல் பாஸ்கர சேதுபதி முப்பத்தைந்து வயதில் மறைந்தார். அவர் காலத்திலேயே சமஸ்தானம் கடன் சுமையில் ஆழ்ந்திருந்தது. 1906இல் தொடங்கப்பெற்ற சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் தலைவராகவும் பாண்டித்துரைத் தேவர் பொறுப்பேற்றார். புலமைக்கும் நாட்டு விடுதலைக்கும் ஒரே கருவூலம் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 1911இல் அவரும் நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார்.

அதன்பின் மு. இராகவையங்கார் 1913இல் சென்னையில் தமிழ்ப் பேரகராதிப் பணியில் சேர்ந்தார். இரா. இராகவையங்கார் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழாராய்ச்சித் துறையில் பணியாற்றினார். புரவலரின் நம்பிக்கை இருந்த இடத்தில் பல்கலைக்கழக ஊதியம் அமர்ந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு பழைய முறையின் பொருளடிப்படையே நீங்கிற்று. அந்நீக்கம் நியாயமானது, எனினும் அதனோடு நீங்கிய நற்கூறு ஒன்றும் உண்டு என்பதே அடுத்து நோக்கத்தக்கது.

7. படிவத்தின் காலம்

மேலை நாடுகளில் 1925இல் தொடங்கப்பெற்ற கக்கன்ஹைம் நல்கை, நடுப்பருவ அறிஞர்க்கும் கலைஞர்க்குமான போட்டி நல்கையின் முன்மாதிரியாயிற்று. பணி வரலாறு, வெளியீட்டுப் பட்டியல், எதிர்காலத் திட்டம், பரிந்துரையாளர் கருத்து என்பன அதன் உறுப்புகள். இதற்கு மாறாக, மக்கார்தர் நல்கைக்கு விண்ணப்பிக்கவே இயலாது. பிறர் முன்மொழிய, குழு தேர்ந்தெடுக்கும். தமிழ்ச் செவ்வியல் கவிதையை ஆங்கிலத்தில் உலகறியச் செய்த ஏ. கே. இராமானுஜன் 1983இல் இதனைப் பெற்றார். விண்ணப்பமின்றி வந்த அந்நல்கை, புரவலர் மரபின் நிறுவன வடிவம் எனத் தோன்றுகிறது.

இந்தியாவில் மையப் பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கைத் திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையத்தின் வழியே செயற்படும் இத்திட்டத்தில் 25 முதல் 40 வயது வரையிலானோர்க்கு இளநிலை நல்கையும், நாற்பதைக் கடந்தோர்க்கு முதுநிலை நல்கையும் உண்டு. முதுநிலை நல்கை திங்களுக்கு 20,000 ரூபாய் என்னும் அளவில் இரண்டாண்டுகளுக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது. திட்ட வரைவு தேவை. இடைக்கால அறிக்கைகளும் நிறைவறிக்கையும் தேவை.

இம்முறையின் அறம் தெளிவானது. திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரில் கண்மாய் மடைகளின் பெயர்களைத் தொகுப்பவரும், அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் தறிச் சொற்களைப் பதிவு செய்பவரும், சென்னைப் பேராசிரியரும் ஒரே படிவத்தை நிரப்பலாம். எவருடைய அரண்மனை வாயிலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. பாண்டித்துரைத் தேவரின் காலத்தில் புலமை எனவே கருதப்படாத பல இன்று ஆய்வுப் பொருள்களாக ஏற்கப்படுகின்றன.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சங்கத்தின் முதல் வாயிலாகிய தேர்வின் இலக்கணம், இரண்டாம் வாயிலுக்கு உரியோர் மீதும் சுமத்தப்படுகிறது. முடிவு தெரிந்த திட்டம், காலவரையறைப்பட்ட பயன், படிவத்தின் மொழியில் தேர்ச்சி ஆகியன எளிதில் அளக்கத்தக்கவை. எனவே அவை மதிப்பு மிகுந்தனவாகிவிடுகின்றன. இருபதாண்டுத் தொகுப்பின் பன்னிரண்டாம் ஆண்டில் நிற்பவர் 'கருதுகோள்' என்னும் கட்டத்துள் எதை எழுதுவார்? சிங்காரவேலு முதலியார் அக்கட்டத்தை நிரப்பியிருந்தால் மதிப்பீட்டாளர் அதனை மிகைப்பட்ட ஆசை எனத் தள்ளியிருக்கவும் கூடும்.

அண்டைக் கரிசலில் கி. ராஜநாராயணனின் முயற்சி இதற்கு நெருங்கிய சான்று. முறையான உயர்கல்வி பெறாத உழவராகிய அவர் நண்பர்களின் துணையோடு தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பொறுப்பளித்தது அதன் பின்னரே. நிறுவனம் அவரை ஏற்றது பட்டச் சான்றிதழை நோக்கியன்று. முன்கிடந்த பணியை நோக்கியே.

8. முடிவுரை

சீட்டுக்கவி, கையொப்பம், சங்க ஆதரவு, போட்டி நல்கை ஆகிய நான்கும் ஒன்றையடுத்து ஒன்று வந்த வளர்ச்சிப் படிகள் மட்டுமல்ல. புலமையை எவ்வாறு நம்புவது என்னும் வினாவுக்கான நான்கு விடைகளும் ஆகும். முதலாவது சொல்லாற்றலையும், இரண்டாவது வாசகரையும், மூன்றாவது நேரில் கண்ட பணியையும், நான்காவது எழுதப்பட்ட திட்டத்தையும் நம்புகிறது. நான்காவதன் பொதுமையைக் கைவிடுதல் பின்னோக்கிய செயலாகும். ஆனால் மூன்றாவதன் பார்வையை அதனுள் கொணர்தல் இயலும்.

அதற்கான வழிகள் எளியன. நாற்பதைக் கடந்தோர்க்கான நல்கையில் திட்ட வரைவுக்கு இணையாக, நடந்து கொண்டிருக்கும் பணியின் மாதிரிப் பகுதியும் மதிப்பிடப்பட வேண்டும். அதனை மதிப்பிடுவோருள் அத்தகைய பணியைத் தாமே செய்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே அளித்துத் தமிழிலேயே மதிப்பிடப்பெறும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். விண்ணப்பிப்போர்க்கும் இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. நல்கை கிடைத்தபின் தொடங்கலாம் என எண்ணும் பணியைவிட, நல்கையின்றியும் வளர்ந்துவரும் பணியே மதிப்பிடுவோரின் நம்பிக்கையைப் பெறும். முதலியாரின் அறிவிப்புக்குப் பொருள் தந்தது அவர் வீட்டில் குவிந்திருந்த கையெழுத்துப் படியே.

மழை வருமுன்பே கண்மாய்க் கரையைச் செப்பனிடுதல் இந்நிலத்து உழவரின் வழக்கம். வானம் பார்த்த பூமியில் விளைந்த பணம் ஒருகாலத்தில் முடிவுறாக் கையெழுத்துப் படியொன்றை நம்பியது. அந்நம்பிக்கைக்கு இன்றைய பொதுநிதி தனக்குரிய வடிவமொன்றைக் கண்டாக வேண்டும்.